டிஜிட்டல் கார்டு விளையாட்டு: முதல் மாதத்தை ஒரே டெக்கோடு ஓட்டுவது எப்படி

சீட்டாடத் தெரிந்தவருக்கு இந்த விளையாட்டுகளில் பாதி ஏற்கெனவே தெரியும். கைக்கு வந்ததை வைத்துச் சமாளிப்பது, எதிராளி கையில் என்ன இருக்கும் என்று ஊகிப்பது, எதை எப்போது இறக்கலாம் என்று காத்திருப்பது எல்லாம் அதேதான். மாறுவது ஒன்று: இங்கே பொதுவான சீட்டுக்கட்டு கிடையாது. உங்கள் கட்டை நீங்களே சேர்த்து எடுத்து வருகிறீர்கள், எதிராளி அவருடைய கட்டோடு வருகிறார். அந்தக் கட்டுக்குப் பெயர்தான் டெக்.

1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டின் 'மேஜிக்: த கேதரிங்' காகிதக் கார்டுகளில் தொடங்கி வைத்த வழக்கம் இது. 2014-இல் 'ஹார்த்ஸ்டோன்' வந்தபின் கணினியிலும் செல்பேசியிலும் பெருங்கூட்டத்தைப் பிடித்தது. இந்த வகை ஆட்களை இழுப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, டெக் கட்டி ஆடிப் பார்க்கும் மூளை வேலை. மற்றொன்று, பேக் (உள்ளே எந்தக் கார்டு என்று தெரியாத உறை) உடைக்கும்போது என்ன வரும் என்ற படபடப்பு. விளையாட்டை உருவாக்கியவர்கள் இரண்டையும் ஒரே கயிறாகத் திரித்து வைத்திருக்கிறார்கள். புதிதாக வருபவர் முதல் மாதத்தில் செய்யவேண்டியது அந்தக் கயிற்றைப் பிரித்துப் பார்ப்பதுதான். நூற்றுக்கணக்கான கார்டுகள் சேர்ந்தாலும், ஹார்த்ஸ்டோன் என்றால், ஓர் ஆட்டத்துக்குள் போவது 30 மட்டுமே. அந்த 30-ஐ மட்டும் குறிவைத்தால் காசு செலவழிக்காமலே ஒரு மாதம் சுவாரசியமாக ஓடும்.

முதலில், எந்த விளையாட்டு?

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். மூன்றை ஒரே நேரத்தில் தொடங்கினால் மூன்றிலும் அரைகுறை டெக்தான் மிஞ்சும்.

நேரம் குறைவு என்றால் 'மார்வல் ஸ்னாப்' (2022). டெக்கில் 12 கார்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரே பிரதி, ஆட்டம் வழக்கமாக 6 டர்ன் (சுற்று). சில நிமிடங்களில் முடிந்துவிடும். படம் பார்த்துச் சேகரிப்பதே பிடிக்கும் என்றால் 'போக்கிமான் டிசிஜி பாக்கெட்' (2024). அதில் டெக் 20 கார்டு, முதலில் 3 புள்ளி எடுப்பவர் வெற்றி. 'ஹார்த்ஸ்டோன்' நடுவாந்திரம்: 30 கார்டு, ஒரே கார்டு 2 பிரதி வரை, மிக அரிய தரமான லெஜண்டரி என்றால் 1 மட்டும். 'மேஜிக் அரீனா' (2019) எல்லாவற்றிலும் ஆழமானது. குறைந்தது 60 கார்டு, 4 பிரதி வரை, எதிராளியின் டர்னிலும் நீங்கள் குறுக்கிடலாம்.

'யு-கி-ஓ மாஸ்டர் டூயல்' (2022) நல்ல விளையாட்டுதான், ஆனால் முதல் விளையாட்டாக வேண்டாம். மற்றவற்றில் ஒரு டர்னில் இவ்வளவுதான் செய்யலாம் என்று மனாவோ ஆற்றலோ (செலவுப் புள்ளிகள்) கட்டிப்போடும். அதில் அப்படிச் செலவுப் புள்ளி கிடையாது. எதிராளி நிமிடக்கணக்கில் தொடர்ந்து கார்டு இறக்கிக்கொண்டே போவார். எதனால் தோற்றோம் என்று தெரியாத தோல்வியிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

கீழே வரும் கணக்குகளில் பெரும்பாலானவை ஹார்த்ஸ்டோனையும் அரீனாவையும் வைத்துச் சொல்லப்பட்டவை. வேறு விளையாட்டில் எண் மாறும், காரணம் மாறாது.

முதல் வாரம்: எந்தக் கார்டையும் உடைக்காதீர்கள்

பயிற்சி ஆட்டங்களை முழுதாக முடியுங்கள். தொடக்கக் கார்டுகள் அதிலிருந்துதான் கிடைக்கும். கணக்கை மின்னஞ்சலோடு இணைத்து இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். விருந்தினர் கணக்கில் ஆடிக்கொண்டிருந்து செல்பேசி போய்விட்டால் சேகரிப்பும் கூடவே போய்விடும்.

அடுத்ததுதான் புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம். ஹார்த்ஸ்டோனில் வேண்டாத கார்டை உடைத்து 'டஸ்ட்' ஆக்கி, அதைக்கொண்டு வேண்டிய கார்டைச் செய்துகொள்ளலாம். கேட்க அருமையாக இருக்கும். கார்டின் தரம் காமன், ரேர், எபிக், லெஜண்டரி என்று அரிதாகிக்கொண்டே போகும். கணக்கைப் பாருங்கள்: காமன் கார்டு செய்ய 40 டஸ்ட், உடைத்தால் கிடைப்பது 5. ரேர் 100, உடைத்தால் 20. எபிக் 400, உடைத்தால் 100. லெஜண்டரி 1600, உடைத்தால் 400. அதாவது ஒரு லெஜண்டரி செய்ய நான்கு லெஜண்டரியைப் பலி கொடுக்கவேண்டும். காமன் என்றால் எட்டுக்கு ஒன்று. மாஸ்டர் டூயலில் கொஞ்சம் பரவாயில்லை. அதே தரத்தில் மூன்றை உடைத்தால் ஒன்று.

இன்று வந்த லெஜண்டரி உங்கள் டெக்குக்கு ஒத்துவராது என்று உடைப்பீர்கள், இரண்டு வாரம் கழித்து வேறு டெக்குக்கு அதுவே உயிர்நாடியாக இருக்கும். முதல் மாதம் உடைக்கத் தகுந்தவை இரண்டே வகை. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் வந்த கூடுதல் பிரதிகள் ஒன்று. நிறுவனமே வலுவைக் குறைத்த கார்டுகள் இன்னொன்று. அப்படிக் குறைத்ததும் குறிப்பிட்ட சில நாட்களுக்கு உடைத்தால், செய்வதற்கு ஆகும் டஸ்ட்டை ஹார்த்ஸ்டோன் அப்படியே திருப்பித் தரும். அப்போது உடைத்தால் நட்டமில்லை.

அரீனாவில் உடைப்பதே கிடையாது. பதிலாக 'வைல்டு கார்டு' தருவார்கள். ரேர் வைல்டு கார்டை எந்த ரேர் கார்டாகவும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்றியதை மீண்டும் வைல்டு கார்டாக்க முடியாது. அங்கே ஆபத்து, ஆளுக்கொரு டெக்கைப் பார்த்துவிட்டு ஐந்து டெக்குக்கும் இரண்டிரண்டாகச் செய்துவைப்பது.

தினசரிப் பணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஹார்த்ஸ்டோன், அரீனா இரண்டிலும் முடிக்காத பணிகள் 3 வரை சேர்ந்து நிற்கும். ஆகவே தினமும் எட்டிப்பார்க்கவேண்டும் என்ற பதற்றம் தேவையில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை உட்கார்ந்து மூன்றையும் சேர்த்து முடிக்கலாம். அரீனாவில் பணிக்கு 500 அல்லது 750 கோல்டு (விளையாட்டுக் காசு) கிடைக்கும். 500 வந்தால் ஒரு நாளில் ஒருமுறை அதை மாற்றிக் கேட்கலாம், இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

டெக் தேர்வு

சொந்தமாகக் கட்டவேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். இருந்தாலும் முதல் டெக்கை ஏற்கெனவே ஆடிச் சோதித்த பட்டியலிலிருந்து எடுங்கள். தோற்றால் டெக் மேல் பழி போட முடியாது, ஆட்டத்தில் எங்கே பிசகியது என்று பார்த்தே தீரவேண்டும். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை.

முதல் டெக் வேகமாகத் தாக்கும் டெக்காக இருக்கட்டும். அவற்றில் விலையுயர்ந்த கார்டு குறைவு. ஆட்டமும் சீக்கிரம் முடியும் என்பதால் ஒரு மணி நேரத்தில் அதிக ஆட்டங்கள் ஆடலாம். அரீனாவில் கார்டுகளுக்கு நிறம் உண்டு, அங்கே ஒரே நிற டெக். இரண்டு நிறம் வந்ததும் இரு நிற மனாவும் தரும் நிலக் கார்டுகள் வேண்டும், அவற்றில் நல்லவை ரேர்.

பட்டியலைப் பார்த்ததும் விலையைக் கூட்டுங்கள். 2 லெஜண்டரி, 4 எபிக், 10 ரேர், 14 காமன் உள்ள ஹார்த்ஸ்டோன் டெக்கை ஒன்றுமில்லாமல் தொடங்கிச் செய்ய 3200 + 1600 + 1000 + 560 = 6360 டஸ்ட். லெஜண்டரி இல்லாமல் 2 எபிக், 10 ரேர், 18 காமன் என்றால் 800 + 1000 + 720 = 2520. இரண்டாவது டெக்கை எடுப்பவர் பல நாட்கள் முன்னதாகவே முழு டெக்கோடு ஆடிக்கொண்டிருப்பார். 2021 முதல் அடிப்படைத் தொகுப்பு எல்லோருக்கும் இலவசம், அதில் உள்ளவற்றைக் கழித்தால் தொகை இன்னும் குறையும்.

ஒரு கார்டு இல்லையென்றால் என்ன போடுவது? இங்கே பெரும்பாலோர் தங்களிடம் உள்ளதிலேயே வலுவான கார்டைத் திணிப்பார்கள். வேகமான டெக்கில் 2 மனா கார்டு குறைகிறது என்றால் அந்த இடத்துக்கு 9 மனா ராட்சசன் ஈடாகாது. அதே விலையில் அதே வேலையைச் செய்யும் சாதாரணக் கார்டே போதும்.

மனா வளைவு: டெக்கின் முதுகெலும்பு

ஹார்த்ஸ்டோனில் முதல் டர்னில் 1 மனா, அடுத்து 2, இப்படி 10 வரை ஏறும். செலவழிக்காத மனா அடுத்த டர்னுக்கு வராது. முதல் ஐந்து டர்னில் மொத்தம் 15 மனா கிடைக்கும். உங்கள் முதல் கார்டு 4-வது டர்னில்தான் இறங்குகிறது என்றால் 1 + 2 + 3 = 6 மனா வீண். எதிராளி அந்த ஆறையும் செலவழித்திருந்தால் நீங்கள் ஆட்டத்துக்கு வருவதற்குள் அவர் பாதி தூரம் போயிருப்பார்.

ஆகவே வேகமான 30 கார்டு டெக்குக்கு ஏறத்தாழ இப்படி ஒரு பங்கீடு, இதுதான் மனா வளைவு: 1 மனா கார்டு 7, 2 மனா 9, 3 மனா 7, 4 மனா 4, அதற்கு மேல் 3. பல விளையாட்டுகளில் இது பட்டை வரைபடமாகத் தெரியும். பட்டைகள் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரியவேண்டும். சொந்தமாகக் கட்டிய முதல் டெக்குகள் பெரும்பாலும் தலைகீழாக இருக்கும், பெரிய கார்டுகளின் படம் அவ்வளவு அழகு.

அரீனாவில் மனா தானாக ஏறாது, நிலக் கார்டு இறக்கினால்தான் உண்டு. 60-இல் 24 நிலம் என்பது பழக்கமான அளவு, மலிவான டெக்குக்கு 20 முதல் 22 போதும், பேக்கிலிருந்து கார்டுகளைப் பொறுக்கி அங்கேயே கட்டும் 40 கார்டு டிராஃப்ட் டெக்குக்கு 17. 24 வைத்தாலும் நன்றாகக் குலுக்கிய கட்டிலிருந்து வரும் முதல் 7 கார்டில் நிலமே இல்லாமலோ ஒன்று மட்டுமோ வர 14 சதவீத வாய்ப்பு உண்டு. ஏழு ஆட்டத்தில் ஒன்று. செயலி ஏமாற்றுகிறது என்று திட்டுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஒற்றை ஆட்டப் போட்டிகளில் செயலி ஒன்றுக்கு மேற்பட்ட கைகளை எடுத்துப் பார்த்து, டெக்கின் நில விகிதத்துக்கு நெருங்கியதைத்தான் பெரும்பாலும் தருகிறது. உண்மையில் புதியவருக்குச் சாதகமாகவே குலுக்குகிறது.

இன்னொரு கணக்கையும் மனத்தில் வையுங்கள். 30 கார்டு டெக்கில் 2 பிரதி உள்ள கார்டில் ஒன்றாவது, 10 கார்டு எடுப்பதற்குள் கைக்கு வர 56 சதவீதம் வாய்ப்பு. ஒரே பிரதி என்றால் 33. ஒற்றைப் பிரதியாக உள்ள இரண்டு குறிப்பிட்ட கார்டும் அதற்குள் சேர்ந்து வரவேண்டும் என்றால் 10 சதவீதம்தான். 'இதுவும் அதுவும் சேர்ந்தால் அப்படியே தூக்கிடலாம்' என்று கட்டிய டெக் பத்தில் ஒன்பது ஆட்டத்தில் அந்த இரண்டுக்காகக் காத்திருந்தே செத்துப்போகும்.

தொடக்கக் கை

ஹார்த்ஸ்டோனில் முதலில் ஆடுபவருக்கு 3 கார்டு. இரண்டாமவருக்கு 4 கார்டும் ஒரு டர்னில் 1 மனா கூடுதலாகத் தரும் நாணயமும். பிடிக்காதவற்றை ஒரே ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். இதுதான் மல்லிகன். தள்ளிய கார்டே அந்த மாற்றத்தில் திரும்பி வராது.

வேகமான டெக் என்றால் விதி எளிது: 3 மனாவுக்கு மேல் உள்ள எல்லாவற்றையும் தள்ளுங்கள். உங்களுக்கு மிகப் பிடித்த 8 மனா லெஜண்டரி வந்தாலும் தள்ளுங்கள். ஏழு டர்ன் அது வெற்றுக் காகிதம். அதை வைத்துக்கொண்டால் மூன்று கார்டுக் கையோடு தொடங்கவேண்டிய ஆட்டத்தை இரண்டோடு தொடங்குகிறீர்கள்.

அரீனாவில் 7 கார்டு. இரண்டு முதல் நான்கு நிலமும் மலிவாக இறக்க ஏதாவதும் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஒரே நிலம் என்றால் மறுபடி எடுங்கள். புதிதாக 7 எடுத்து, அதில் ஒன்றை டெக்கின் அடியில் செருகவேண்டும். ஒரு கார்டு குறைகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் ஆடக்கூடிய ஆறு, கையில் முடங்கிக் கிடக்கும் ஏழைவிட மேல். ஸ்னாப்பிலும் பாக்கெட்டிலும் இந்த மாற்றும் வசதி இல்லை. பாக்கெட்டில் முதல் கையில் ஓர் அடிப்படைப் போக்கிமானாவது கட்டாயம் இருக்கும்படி செய்திருக்கிறார்கள்.

ஒரு டர்னைக் கிட்டத்தில் பார்ப்போம்

ஹார்த்ஸ்டோனில் உங்களிடம் 5 மனா. களத்தில் 3 தாக்குதல் உள்ள மினியன் (களத்தில் நின்று சண்டையிடும் கார்டு) ஒன்று, 2 தாக்குதல் உள்ளது ஒன்று. கையில் 4 சேதம் தரும் 3 மனா மந்திரம், 2 மனா மினியன் ஒன்று. எதிராளியின் உயிர் 9. அவர் களத்தில் 4/4 (4 தாக்குதல், 4 உயிர்) மினியன் முறைத்துக்கொண்டு நிற்கிறது, பாதுகாப்புக் கார்டு எதுவும் இல்லை.

புதியவரின் கை நேராக அந்த 4/4 மேல் போகும். மந்திரத்தை அதன் மேல் போட்டுக் கொன்று, மீதி 2 மனாவில் மினியனையும் இறக்கிவிட்டு, 3-ஐயும் 2-ஐயும் எதிராளி மேல் ஏவுவார். உயிர் 4-க்கு இறங்கும். மனா மிச்சமில்லை, களம் சுத்தம், நல்ல டர்ன் போலத்தான் தோன்றும். ஆனால் 3 + 2 + 4 = 9. ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். விட்டுவைத்த எதிராளி அடுத்த டர்னில் களத்தைத் துடைத்துவிட்டால் அந்த வெற்றி திரும்பி வராது.

எனவே ஒவ்வொரு டர்னிலும் எதையும் தொடும் முன் ஒரு கூட்டல்: களத்தில் உள்ள தாக்குதல், கையில் உள்ள நேரடிச் சேதம், எதிராளியின் உயிர். பிறகு அதையே அவர் பக்கத்திலிருந்து போடுங்கள்: அடுத்த டர்னில் அவர் என்னைக் கொல்ல முடியுமா? ஹார்த்ஸ்டோனில் ஒரு டர்னுக்கு 75 விநாடி, இதற்குத் தாராளமாகப் போதும். அரீனாவில் ஒரு வேறுபாடு உண்டு. ஹார்த்ஸ்டோனில் யாரை அடிப்பது என்று தாக்குபவர் முடிவு செய்கிறார். அரீனாவில் எதிராளியை நோக்கித் தாக்குவீர்கள், குறுக்கே எதை நிறுத்துவது என்பது அவர் முடிவு. அதனால் மேலே போட்ட கூட்டலில் தடுக்கக்கூடியவற்றைக் கழிக்கவேண்டும்.

வரிசையும் முக்கியம். புதுக் கார்டு எடுத்துத் தரும் கார்டையும் குருட்டு அதிர்ஷ்டத்தில் ஓடும் கார்டையும் முதலில் இறக்குங்கள், என்ன வந்தது என்று பார்த்தபின் மீதியை முடிவு செய்யுங்கள். அரீனாவில் பெரும்பாலும் முதலில் தாக்கிவிட்டு, பிறகுதான் புது கிரீச்சரை (மினியனுக்கு அங்கே உள்ள பெயர்) இறக்கவேண்டும். தாக்கும்போது உங்கள் நிலங்கள் எல்லாம் பயன்படுத்தாமல் கிடந்தால், கையில் என்ன மந்திரம் வைத்திருக்கிறீர்களோ என்று எதிராளி யோசித்துத்தான் தடுப்பார்.

தோல்வியும் ரேங்கும்

செயலி உங்கள் அளவு ஆளையே எதிரில் நிறுத்துகிறது, எனவே பாதிக்குப் பாதி தோற்பது இயல்பு. சரிபாதி வெல்லும் ஆள்கூட 20 ஆட்டத்தில் 7 அல்லது அதற்குக் குறைவாக வெல்வது 100-க்கு சுமார் 13 முறை நடக்கும். 20 ஆட்டத்தை வைத்து டெக்கை மாற்றாதீர்கள், 50 ஆட்டமாவது ஆடிப் பாருங்கள். தொடர்ந்து மூன்று தோற்றால் அன்றைக்கு மூடிவையுங்கள். நான்காவதை ஆடுவது கோபம்தான், அதற்குக் கூட்டல் தெரியாது.

ஸ்னாப்பில் விலகத் தெரிவதே பாதித் திறமை. ஆட்டம் 1 கியூபில் (பந்தயப் புள்ளி) தொடங்கும், கடைசி டர்னில் 2 ஆகும். யாராவது 'ஸ்னாப்' அழுத்தினால் ஒவ்வொரு முறையும் இரட்டிக்கும், உச்சம் 8. கை சரியில்லை என்று முன்கூட்டியே வெளியேறினால் போவது 1. பிடிவாதமாக நின்றால் 8. ஆட்டங்களில் பாதியைத் தோற்பவரும் தோற்கும்போது 1 கொடுத்து வெல்லும்போது 2 எடுத்தால் மேலே ஏறிக்கொண்டே இருப்பார்.

பேக்கும் பணமும்

இலவசக் கோல்டில் வாங்கும் பேக்குகளை ஒரே தொகுப்பில் (ஒன்றாக வெளியான கார்டு வரிசை) வாங்குவது நல்லது. உத்தரவாதக் கணக்கு தொகுப்புக்குத் தொகுப்பு தனி. ஹார்த்ஸ்டோனில் ஒரு தொகுப்பில் அதிகபட்சம் 40 பேக்குக்குள் ஒரு லெஜண்டரி கட்டாயம், புதுத் தொகுப்பில் முதல் 10 பேக்குக்குள்ளேயே ஒன்று கட்டாயம். ஏழு பேக்கில் நிறுத்திவிட்டு அடுத்த தொகுப்புக்குத் தாவுபவர் கைக்கெட்டியதை விட்டுவிட்டுப் போகிறார். பாக்கெட்டில் பேக்குக்கு 5 புள்ளி, நான்கு வைரக் குறி போட்ட ஒரு கார்டை நேரடியாக வாங்க 500 புள்ளி, அதாவது 100 பேக்.

காசு போட்டு வாங்கத் தோன்றினால் முதலில் வாய்ப்பு விகிதப் பட்டியலைத் திறந்து படியுங்கள். சீனாவில் 2017 முதல் இதை வெளியிடச் சட்டம் கட்டாயமாக்கியது, ஆப்பிளும் அதே ஆண்டு தன் செயலிக் கடைக்கு இந்த விதியைக் கொண்டுவந்தது. பெல்ஜியத்தில் 2018-இல் சூதாட்ட ஆணையம் காசு கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகள் சிலவற்றைச் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது. வாங்குவதானால் உள்ளே என்ன இருக்கிறது என்று முன்பே காட்டும் தயார் டெக் அல்லது புதியவர் தொகுப்பை வாங்குங்கள், பேக் வேண்டாம். குழந்தைகள் கையில் செல்பேசி இருந்தால் வாங்குவதற்குக் கடவுச்சொல் போட்டுவையுங்கள்.

ஆண்டுக்கொரு முறை பழைய தொகுப்புகள் முதன்மைப் போட்டி வகையிலிருந்து வெளியேறும். அதற்கு ஓரிரு மாதம் முன்பு தொடங்குபவர், வெளியேறப்போகும் கார்டுக்கு டஸ்ட்டோ வைல்டு கார்டோ செலவழிக்கவே கூடாது. எந்தத் தொகுப்பு போகிறது என்று விளையாட்டின் அறிவிப்பிலேயே இருக்கும். 'இலவச ஜெம் தருகிறோம்' என்று கணக்கு விவரம் கேட்கும் தளங்கள் அத்தனையும் திருட்டு.

இரண்டாவது டெக் எப்போது என்றால், முதல் டெக்கின் 30 கார்டையும் பட்டியலைப் பார்க்காமல் சொல்ல முடிகிற நாளில். அப்போதும் முதல் டெக்கோடு குறைந்தது பத்துப் பன்னிரண்டு கார்டாவது பொதுவாக உள்ள பட்டியலைத் தேடுங்கள், செய்யவேண்டியதில் மூன்றில் ஒரு பங்காவது குறையும்.